தனியே பைக்கில் போகிறவருக்கு எந்தக் கூடாரம், எந்த ஸ்லீப்பிங் பேக்?

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறேன். வயது 29, உயரம் 178 செ.மீ. ஹிமாலயன் பைக் வைத்திருக்கிறேன். வருகிற தை மாதத்தில் கல்லணையில் புறப்பட்டு, கும்பகோணம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வழியாகக் கோடியக்கரை வரை தனியாகப் போய், வழியில் கூடாரம் அடித்துத் தங்க விரும்புகிறேன். அடுத்த ஆண்டு கொடைக்கானல் மேல்மலைக்கும் போக ஆசை. கூடாரம், ஸ்லீப்பிங் பேக் இரண்டுக்குமாக 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும் ஸ்லீப்பிங் பேக் ஒன்றையும், தூக்கிப் போட்டால் தானே விரிந்துகொள்ளும் கூடாரம் ஒன்றையும் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். இரண்டையும் வாங்க வேண்டாம். தஞ்சாவூரில் கூடாரங்களை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இந்த இரு வகைப் பொருட்களும் ஒரே பயணத்துக்குப் பிறகு பரணுக்குப் போய்விடுவதைப் பல வாடிக்கையாளர்களிடம் பார்த்திருக்கிறேன். உங்கள் பணத்தின் பெரும்பகுதியைக் கூடாரத்துக்குச் செலவிடுங்கள். தைப் பயணத்துக்கு ஸ்லீப்பிங் பேக் என்ற ஒன்றே தேவைப்படாது. அதை மேல்மலைப் பயணத்துக்கு ஒத்திவைக்கலாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தை மாதத்தில் தஞ்சை, நாகை வட்டாரத்தில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மைனஸ் 10 என்று எழுதிய பைக்குள் அந்த வெப்பநிலையில் நுழைந்தால், அரை மணி நேரத்தில் வியர்த்து வெளியே வந்து, பையைத் தலையணையாக்கிக் கொண்டு படுப்பீர்கள். டெல்டாவில் உங்களைத் தொந்தரவு செய்யப்போவது குளிர் அல்ல, ஈரம். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பனிதான் கூடாரத்தின் மேல்துணியில் விடியற்காலையில் சொட்டச் சொட்ட நிற்கும். அதற்குக் கீழே, நீங்கள் இரவு முழுவதும் விடும் மூச்சில் உள்ள நீராவி அதே துணியின் உட்புறத்தில் படிந்து வழியும். ஈரத்தோடு கொசுவையும், தரையில் ஊர்ந்து வரும் உயிர்களையும் சேர்த்துக்கொண்டால், டெல்டாவில் கூடாரம் எவற்றைத் தடுக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

தானே விரியும் கூடாரத்தை மறுப்பதற்கு இரண்டு காரணங்கள். அதை மடித்தால் இரண்டடிக்கு மேல் குறுக்களவுள்ள வட்டத் தட்டாக நிற்கும். காரின் டிக்கிக்கு அது சரிப்படும். பைக்கின் பின்னால் கட்டினால் இருபுறமும் நீட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்கும், எதிரே வரும் பேருந்தின் காற்றடிக்கே வண்டியை அசைத்துவிடும். இரண்டாவதாக, மலிவு விலையில் விற்கும் இத்தகைய கூடாரங்களில் பல ஒற்றைத் துணியால் ஆனவை. மழை உள்ளே வரக்கூடாது என்று அந்தத் துணிக்குப் பூச்சு கொடுத்திருப்பார்கள், அதே பூச்சு உங்கள் மூச்சின் ஈரத்தையும் வெளியே விடாது. 'கூடாரம் ஒழுகுகிறது' என்று கடைக்குக் கொண்டுவரப்படும் ஒற்றைத் துணிக் கூடாரங்களை விரித்து நீர் ஊற்றிப் பார்த்தால், பல சமயம் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. உள்ளே படிந்த மூச்சு நீர்தான் அவர்கள் முகத்தில் சொட்டியிருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது இரட்டை அடுக்குக் கூடாரம். உள்ளே கொசுவலையால் ஆன அறை, வெளியே தனியாக மழைத்துணி, இரண்டுக்கும் நடுவே ஒரு கையளவு இடைவெளி. மழைத்துணியின் உட்புறம் வியர்த்தாலும் அது வலைக்கு வெளியே வழிந்து மண்ணில் இறங்கிவிடும். உள்ளறையின் சுவரில் பாதிக்கு மேல் வலையாக இருக்கட்டும். வலையின் கண்ணை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் கொசு நுழையாது, ஆனால் கடற்கரையிலும் உப்பங்கழி ஓரத்திலும் மாலையில் கடிக்கும் பொடிப் பூச்சிகள் நுழைந்துவிடும். கண் மிக நுண்ணியதாக இருந்தால்தான் வேதாரண்யம் பக்கம் தூங்க முடியும்.

தாமாகவே நிற்கும் குவிமாட வடிவக் கூடாரமே உங்கள் பாதைக்குப் பொருந்தும். தரையில் முளை அடிக்காமலேயே இரண்டு வளைகம்பிகள் அதைத் தூக்கி நிறுத்திவிடும். டெல்டாவில் இது பெரிய வசதி. நீங்கள் இரவு தங்கக் கிடைக்கும் இடங்களில் பாதி, நெல் காய வைக்கும் சிமென்ட் களமாகவோ, பம்புசெட் கொட்டகையின் முன்திண்ணையாகவோ, தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியாகவோதான் இருக்கும், அங்கே முளை இறங்காது. மேலே கூரை இருக்கும் இடத்தில் மழைத்துணியை விட்டுவிட்டு உள்ளறையை மட்டும் நிறுத்தினால் காற்றோட்டமான கொசுவலை அறை கிடைக்கும். உள்ளறையை முதலில் எழுப்பி அதன்மேல் மழைத்துணியைப் போர்த்தும் அமைப்பில்தான் இது முடியும். ஐப்பசி அடைமழையில் அதே அமைப்பு எதிராகத் திரும்பும், மழைத்துணியைப் போடுவதற்குள் உள்ளறை நனைந்துவிடும். நீங்கள் போவது தையில் என்பதால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரம் கூடாரத்தோடு போவதை நான் எப்படியும் பரிந்துரைப்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, வேரூன்றிய தென்னைகளையே படுக்க வைத்தது.

அளவைப் பொறுத்தவரை, தனியாகப் போனாலும் இருவர் படுக்கும் கூடாரத்தையே வாங்குங்கள். ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ், சேடில் பேக் எல்லாமே இரவில் உங்களோடு உள்ளே வந்தாக வேண்டும். உங்கள் உயரத்துக்கு உட்புற நீளம் குறைந்தது 210 செ.மீ. வேண்டும். நீளத்தை அட்டையில் படித்தால் மட்டும் போதாது, கூடாரத்தின் கால்மாடும் தலைமாடும் சரிவாக இருப்பதால் கடையில் விரித்துப் படுத்துப் பாருங்கள். பாதமோ நெற்றியோ சுவரில் உரசினால், அந்த இடத்தில்தான் விடியற்காலையில் ஈரம் உங்கள் மேல் இறங்கும். எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதுகில் சுமந்து மலையேறுபவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. உங்களுக்கு இரண்டரை, மூன்று கிலோ வரை பாதகமில்லை. மடித்த நீளம்தான் முக்கியம். வளைகம்பியின் ஒரு துண்டு 45 செ.மீ.க்குள் இருந்தால் கூடார மூட்டையை இருக்கைக்குப் பின்னால் குறுக்காகக் கட்டலாம், ஹேண்டில்பாரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். கம்பிகளை மட்டும் தனியே எடுத்துச் சேடில் பேக்கில் செருகிக்கொள்ளவும் முடியும்.

அட்டையில் மில்லிமீட்டர் கணக்கில் ஓர் எண் போட்டிருப்பார்கள். துணியின் மேல் எவ்வளவு உயர நீர்த்தம்பத்தை நிறுத்தினால் மறுபுறம் நீர் கசியத் தொடங்கும் என்பதைச் சொல்வது அது. மழைத்துணிக்கு 2000 மி.மீ. இருந்தால் நம் மழைக்குப் போதும். தரைத்துணிக்கு 3000 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், ஏனென்றால் ஈரத்தரையில் நீங்கள் முழங்கால் ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. எண்ணைவிட முக்கியமானது தையல். மழைத்துணியைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தையல் நெடுக ஒளி ஊடுருவும் ஒரு பட்டை ஒட்டியிருப்பது தெரிய வேண்டும். மூலைகளில் பட்டை விலகியோ சுருங்கியோ இருந்தால் அந்தக் கூடாரத்தை விட்டுவிடுங்கள். துணி பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் தொய்ந்துபோகும், வெயிலில் சீக்கிரம் நைந்தும் போகும். கம்பி அலுமினியமாக இருந்தால் நல்லது. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் ஃபைபர் கம்பியே போதும், ஆனால் அது பிளந்தால் சிம்பு கையில் ஏறும் என்பதால் ஒரு துணிநாடாச் சுருளைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தொட்டிபோல் எழும்பியிருக்க வேண்டும். நீருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டெல்டாவில் தரையில் படுத்துறங்குபவர்களை இரவில் கட்டுவிரியன் கடிப்பது இன்றும் நடக்கிறது. அதன் கடி பல சமயம் வலிப்பதே இல்லை. விடியும்போது வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் வந்த பிறகுதான் தெரியவரும். ஜிப் முழுதாக மூடும் கூடாரம் இந்த ஆபத்தைப் பெருமளவு விலக்கிவிடும், ஆனால் ஜிப் மூடியிருந்தால்தான். சிறுநீர் கழிக்கப் போகிறவர் 'இரண்டு நிமிடம்தானே' என்று திறந்து போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. வெளியே போகும்போதும் மூடுங்கள், டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், பூட்ஸை உள்ளேயே வையுங்கள். உணவுப் பொட்டலத்தை மட்டும் உள்ளே வைக்காமல் பைக்கின் பெட்டியில் பூட்டுங்கள். கருவாட்டு வாசனைக்கும் பொரிகடலைக்கும் வயல் எலி கூடாரத்தையே கடித்து ஓட்டை போடும், எலி வரும் இடத்துக்கு அதைத் தின்பதும் வரும். சந்தேகமாக ஏதாவது கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எந்தக் கூடாரத்தை வாங்கினாலும் அதோடு வரும் மெல்லிய கம்பி முளைகளை நம்பாதீர்கள். வாய்க்கால் ஓரத்து ஈரக்களியில் அவை வெண்ணெயில் கத்தி போல இறங்கி, அதே சுலபத்தில் வெளியே வந்துவிடும். அகலமான, மூன்று விளிம்புள்ள அலுமினிய முளைகள் எட்டுத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். பூம்புகார், தரங்கம்பாடி மணலில் அவையும் நிற்காது. சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, இழுகயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் காற்றுக்குப் பெயராது. தையில் கரையோரக் காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் வாசலைத் தென்மேற்காக வையுங்கள்.

இடத்தேர்வைப் பற்றிச் சொல்லாமல் கூடாரத்தைப் பற்றி மட்டும் சொல்வது அரைகுறை ஆலோசனையாகிவிடும். கொள்ளிடத்து மணல் மாலையில் மெத்தை போலத் தெரிந்தாலும் ஆற்றுப் படுகையில் கூடாரம் அடிக்கவே கூடாது. மேலே எங்கே மதகு திறக்கிறார்கள் என்பது உறங்குபவருக்குத் தெரியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும் என்பதால், தை முற்பாதியில் வாய்க்கால்களில் நீர் ஓடும், கரையோர நிலம் பொதபொதவென்று இருக்கும். சம்பா அறுத்த வயல் காய்ந்து வெறுமையாகத் தெரியும், அதிலும் இறங்காதீர்கள். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் தாள்களுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். உழவரின் அடுத்த வெள்ளாமை அது. தவிரவும் அறுத்த தாளின் முனை தரைத்துணியைக் குத்திவிடும். தென்னந்தோப்பு நிழல் எவ்வளவு அழைத்தாலும் மரத்தடியில் அடிக்க வேண்டாம், மட்டையும் நெற்றும் நேரம் பார்த்து விழுவதில்லை. புங்கமோ வேம்போ இருக்கும் மேட்டு நிலம், களத்துமேடு, இவைதான் நல்ல இடங்கள். மரத்தடியில் பனி குறைவாக இறங்கும் என்பதும் ஒரு லாபம். பொழுது சாயும் முன்பே ஊருக்குள் போய், டீக்கடையில் விசாரித்து, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் நம் பக்கம் குறைவு. கேட்காமல் இருட்டில் விளக்கோடு கூடாரம் தெரிந்தால்தான் ஊரே திரண்டு வரும். கோடியக்கரை 1967 முதல் வன உயிரினச் சரணாலயம், அங்கே உங்கள் விருப்பத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. பகலில் வெளிமானையும் பறவைகளையும் பார்த்துவிட்டு இரவுக்கு வேதாரண்யம் திரும்பிவிடுங்கள்.

வண்டியை நிறுத்துவதிலும் ஒரு விஷயம் உண்டு. ஈரமண்ணில் சைடு ஸ்டாண்ட் இரவோடு இரவாகப் புதைந்து வண்டி இடப்பக்கம் சாயும். உள்ளங்கையளவு தட்டையான பலகைத் துண்டு ஒன்றை எடுத்துப் போய் ஸ்டாண்டின் அடியில் வையுங்கள், கூடாரத்தை வண்டியின் வலப்பக்கமே அடியுங்கள். இழுகயிற்றை வண்டியில் கட்ட வேண்டாம். மூட்டைகளைக் கட்டும்போது சைலன்சர் பக்கத்துப் பை அதைத் தொடாமல் இருக்கிறதா என்று வண்டி அசையும் நிலையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி படுக்கை. தைப் பயணத்துக்கு எட்டு முழ வேட்டி ஒன்று போதும் என்றால் சிரிப்பீர்கள். 4 மீட்டர் நீளமுள்ள பருத்தி வேட்டியைக் குறுக்கே பாதியாக மடித்தால் 2 மீட்டர் வரும். மடிப்பைக் கால்பக்கமாக வைத்து, ஓர் ஓரத்தை முழுவதும், மறு ஓரத்தை இடுப்பளவு வரையும் தையற்கடையில் ஓட்டித் தரச் சொல்லுங்கள். 3.60 மீட்டர் வேட்டியும் விற்கிறார்கள், உங்கள் உயரத்துக்கு அது பற்றாது. அதற்குள் நுழைந்து, மேலே ஒரு மெல்லிய ஃப்ளீஸ் போர்வையைப் போட்டுக்கொண்டால் மாசிப் பனியிலும் தூங்கலாம். துவைத்தால் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். பிற்பாடு ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது இதே வேட்டி அதன் உள்ளுறையாகி, பையை வியர்வையிலிருந்து காப்பாற்றும்.

அடியில் விரிப்பதற்கு, நீரை உறிஞ்சாத மூடிய நுரையால் ஆன மடிப்புப் பாய் வாங்குங்கள். காற்றடைக்கும் மெத்தை சொகுசாக இருக்கும், ஆனால் கரையோரமெங்கும் சீமைக்கருவை. ஒரு முள் போதும், நள்ளிரவில் தரையில் கிடப்பீர்கள். நுரைப்பாய் மேல் ஒரு கோரைப்பாய் போட்டுக்கொண்டால் புழுக்கமும் தெரியாது. கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பதானால் அது தரைத்துணியைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்துணியில் வழியும் நீரை வாங்கி உங்கள் அடியில் தேக்கும்.

மேல்மலைக் கணக்கு வேறு. கொடைக்கானலில் ஜனவரி இரவுகள் 8 டிகிரியை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இறங்கும், மன்னவனூர், பூண்டி பக்கம் திறந்த வெளியில் இன்னும் குளிரும். அங்கே ஸ்லீப்பிங் பேக் அவசியம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். இஎன் 13537, அதற்குப் பின் வந்த ஐஎஸ்ஓ 23537 ஆகிய தர அளவுகளின்படி, வெப்பமூட்டிய மனித பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்துச் சோதித்து மூன்று எண்களைச் சொல்வார்கள். கம்ஃபர்ட் என்பது இயல்பாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. எக்ஸ்ட்ரீம் என்பது உறங்குவதற்கான எண்ணே அல்ல, சில மணி நேரம் உயிர் பிழைக்கலாம் என்பதற்கானது. நீங்கள் பார்த்த மைனஸ் 10 பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணாகவோ, எந்தச் சோதனையும் இல்லாமல் அச்சடித்ததாகவோ இருக்கக்கூடும். மேல்மலைக்குக் கம்ஃபர்ட் 5 டிகிரி என்று தெளிவாகக் குறித்த பை பொருத்தமானது. வாத்தின் தூவி அடைத்த பை மிகச் சிறிதாக மடியும் என்றாலும், ஈரம் ஏறினால் தூவி கட்டிபட்டு வெப்பத்தைக் காக்கும் குணத்தை இழந்துவிடும். டெல்டாவின் ஈரக்காற்றில் ஆண்டு முழுவதும் வீட்டில் கிடக்கப்போகும் பைக்குச் செயற்கை இழைதான் சரி. கால்பக்கம் குறுகும் மம்மி வடிவத்தைவிட, ஜிப்பை முழுக்கத் திறந்தால் போர்வையாக விரியும் செவ்வக வடிவம் உங்களுக்கு அதிக நாள் பயன்படும். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உடலின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கி வெப்பத்தைக் காக்காமல் போவதால், மேல்மலையில் பாயும் தடிமனாக வேண்டும். தரையின் குளிரைப் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர் மதிப்பு என்று குறித்திருப்பார்கள், டெல்டாவுக்கு 1 போதும், அங்கே 2க்கு மேல் வேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ மூட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

பணத்தைப் பிரித்துச் சொல்வதானால், கூடாரத்துக்கும் முளைகளுக்கும் 9,000 முதல் 10,000 வரை, பாய்க்கும் சாமான்களைப் போட்டுக் கட்டும் நீர்புகாப் பைக்கும் 2,000, மீதியை அப்படியே வைத்திருங்கள். கூடாரத்தை மார்கழிக்குள் வாங்கிவிட்டால், மழை இன்னும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும்போதே வீட்டுக் கொல்லையில் ஓர் இரவு அடித்துப் படுத்துப் பார்க்கலாம். எங்கே கசிகிறது, எந்த ஜிப் மாட்டுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், கடையில் மாற்றிக்கொள்ளவும் அவகாசம் இருக்கும். பயணம் முடிந்து வந்ததும், கடற்கரையில் பயன்படுத்திய கூடாரத்தின் ஜிப்பையும் கம்பி முனைகளையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய வைத்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்ட கூடாரத்தைச் சில மாதம் கழித்துப் பிரித்தால் புளித்த வாடை வரும், உட்பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். அந்த நிலையில் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஸ்லீப்பிங் பேக்கை மேல்மலைக்குப் போகும் முதல் முறை வாடகைக்கே எடுங்கள். கொடைக்கானலில் கிடைக்கும். எடுக்கும்போது ஜிப்பை மேலும் கீழும் முழுக்க ஓட்டிப் பார்த்து, பையை உதறி, பதினைந்து நிமிடம் விரித்து வைத்துவிட்டு எவ்வளவு உப்புகிறது என்று கவனியுங்கள். உப்பாமல் தட்டையாகவே கிடந்தால் அதன் சூடு எப்போதோ போய்விட்டது, வேறொன்று கேளுங்கள். வேட்டி உள்ளுறையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.